எதிரில் வந்து உட்கார்ந்தவன்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்புவதில்லை. குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. அம்மா ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசலில் நிற்கிறாள். வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து, பில்லில் இல்லாத துணி ஏதாவது அடியில் சுருண்டு கிடக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அப்பா வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. கரண்ட் நிறைய ஓடினால் படபடவென்று சிமிட்டும், குறைவாக ஓடினால் தூக்கக் கலக்கத்தில் சிமிட்டும். உள்ளே ஏசி உறுமுகிற வீட்டில் அந்தப் புள்ளி தூங்கினால், எங்கேயோ ஒயர் திருட்டுத்தனமாகப் போகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு வீடு மாட்டினால் அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

நான் பத்தாவதில் கணக்கில் குப்புற விழுந்து, மாமாவின் செல்போன் ரிப்பேர் கடையில் எழுந்து உட்கார்ந்தவள். உடைந்த கண்ணாடி மாற்றுவேன். போனைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் வாசலில் நின்று எப்படித் திரும்பிப் பார்க்கிறான் என்பதை வைத்தே அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வீட்டில் எனக்குப் பெயர் வாலு.

இப்படிப்பட்ட வீட்டில் என் அண்ணன் எப்படிப் பிறந்தான் என்பதே எனக்கு முதல் சந்தேகம். அவன் எல்லோரையும் நம்புவான். "இன்னும் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்று சொன்னவனுக்காகப் பஸ் ஸ்டாப்பில் இருட்டும்வரை நிற்பான். நின்றுகொண்டே மனசுக்குள் ஏதாவது கணக்குப் போடுவான் என்பதால் அவனுக்கு நேரம் போவதும் தெரியாது.

அவன் அறைக் கதவின் உட்புறம் முழுக்கச் சாக்பீஸ். கதவைச் சாத்தினால் கரும்பலகை. அவன் குளிக்கப் போகும்போது நான் உள்ளே புகுந்து ஒரே ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றிவிட்டு வருவேன். மத்தியானம் வரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைவான். அப்புறம் சாப்பிடும்போது திடீரென்று நிமிர்ந்து, "வாலு, மூணாவது வரி நீயா?" என்பான். கோபமே இருக்காது. தவறு கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் இருக்கும். இப்படி ஒரு ஆளைக் கிண்டல் செய்வதில் என்ன லாபம் சொல்லுங்கள்.

நான் அவனுக்கு வைத்த பெயர் மீதி. பள்ளியில் வாத்தியார் "ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க" என்றால் கடைசியில் அவன்தான் மிஞ்சுவான். விளையாட்டில் இரண்டு அணி பிரித்தாலும் அதே கதை. யாருக்கும் அவன்மேல் பகை கிடையாது. அவனிடம் "எப்படி இருக்க?" என்று கேட்டால், எப்படி இருக்கிறோம் என்று உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்துவிடுவான். பதில் தயாராகும்போது கேட்டவன் அடுத்த தெருவில் இருப்பான். மத்தியானச் சாப்பாட்டை மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிடுவான். மீதி என்று நான் கூப்பிடலாம். வேறு யாராவது கூப்பிட்டால் அவர்கள் போன் என் கடைக்கு வரும் நாளுக்காகக் காத்திருப்பேன்.

அந்த அண்ணனுக்குக் கணக்குப் பட்டப்படிப்புக்கு இரண்டு காலேஜில் இடம் கிடைத்தது. ஒன்று மலையடிவாரத்தில் இருப்பதால் மலைக் காலேஜ். கணக்கு என்றால் அதுதான் என்று எல்லோரும் சொல்லுவார்கள். அங்கே விடுதியில் ஆளுக்கொரு தனி அறை. இன்னொன்று குளத்துக் காலேஜ். நாடகம், பாட்டு, கிரிக்கெட் என்று வருஷம் முழுக்க ஆட்டம்தான். அங்கே கணக்கில் பெயர் வாங்கிய இரண்டு வாத்தியார்கள் சமீபத்தில்தான் வேறெங்கோ போய்விட்டார்கள். ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து மலைக் காலேஜ், மலைக் காலேஜ் என்று உருகிக்கொண்டிருந்தவன், இடம் கிடைத்ததும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் குளத்துக் காலேஜ்லயே சேந்துக்கறேன்."

அப்பாவின் கை பாதி வழியில் நின்றது. அம்மா எழுந்து போய், துவைக்கப் போட்ட சட்டையின் பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த பஸ் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"இது குளத்துக் காலேஜ் போற பஸ்ஸுதானே?"

"சும்மா பாக்கப் போனேம்மா."

"எங்க கடைக்கும் தினமும் கூட்டம் கூட்டமா சும்மா பாக்கத்தான் வராங்க. போகும்போது பைய நான்தான் திறக்கறேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணு பேரு என்ன?"

"எந்தப் பொண்ணு?"

"அதத்தான்டா கேக்கறேன்."

"அப்படி யாரும் இல்லப்பா."

"ஏங்க, இல்லைன்னு இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்றான் பாருங்க" என்றாள் அம்மா. அவள் சொன்னது நியாயம்தான். எதற்குமே சீக்கிரம் பதில் சொல்லாதவன்.

அப்பா தன் பக்கத்துச் சாட்சியை எடுத்து வைத்தார். "போன மாசம் ஒரு புகார் வந்துச்சுன்னு மலைக் காலேஜ் விடுதிக்குப் போனேன். சாயங்காலம் ஏழு மணி. மீட்டர் பட்டாசு மாதிரி சிமிட்டுது. எல்லா ரூம்லயும் லைட்டு, எல்லா ரூம்லயும் ஃபேனு. அத்தனை பசங்களும் படிக்கறாங்க. எனக்கு வேற யாரும் சொல்லத் தேவையில்ல, மீட்டர் பொய் சொல்லாது. திங்கக்கிழமைக்குள்ள எந்தக் காலேஜ்னு சொல்லணும், சொல்லலைன்னா ரெண்டு சீட்டும் போயிடும். சனிக்கிழமை அங்க புதுப் பசங்கள உள்ள விட்டுச் சுத்திக் காட்டறாங்களாம். போய்ப் பாத்துட்டு வந்து பேசு. வாலு, நீயும் கூடப் போ."

"நான் எதுக்குப்பா?"

"அவன் காலேஜப் பாக்கட்டும். நீ அவனப் பாரு."

சனிக்கிழமை பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். லஞ்சம்.

"அண்ணா, பேரச் சொல்லிடு. அப்பாகிட்ட சத்தியமா சொல்லமாட்டேன். அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லுவேன்."

"பொண்ணே இல்ல வாலு."

"அப்ப எதுக்கு அங்க போன? என்னதான் நடந்துச்சு?"

யோசித்தான். பஸ் ஒரு பாலத்தைத் தாண்டி, ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்று மறுபடி கிளம்பியது.

"சுத்திப் பாத்துட்டு கேண்டீன்ல உக்காந்திருந்தேன். ஒருத்தன் டீய எடுத்துட்டு வந்து என் எதிர்ல உக்காந்தான்."

"சரி, அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"என்னது, அவ்வளவுதானா?"

"வாலு, மத்த டேபிள் எல்லாம் காலியா இருந்துச்சு."

வாய்வரை வந்த கிண்டலை விழுங்கினேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அவன் காதுமடல் சிவந்திருந்தது. ஆனாலும் நான் எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா.

"என்ன வித்தான்?"

"என்னது?"

"சோப்பா, இன்சூரன்ஸா? காலி டேபிள விட்டுட்டு உன் எதிர்ல வந்து ஒருத்தன் உக்காந்தான்னா, எதையோ விக்கப் போறான்."

"ஒண்ணும் விக்கல. நான் பேப்பர்ல ஒரு கணக்கு போட்டுட்டு இருந்தேன். அதப் பத்திக் கேட்டான். டீ ஆறிப்போற வரைக்கும் பேசினோம். அங்க எல்லாரும் அப்படித்தான்போல. சகஜமா வந்து உக்காந்துடறாங்க."

"பேரு?"

"கேக்க மறந்துட்டேன். முன்பல்லு ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருக்கும்."

அரைப்பல்லை நம்பி மூன்று வருஷத்தை எழுதிக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறான் என் அண்ணன். எனக்குப் பயமாக இருந்தது. முன்பு பள்ளியில் ஒருத்தன் இப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டான். எங்கள் வீட்டுக்கே வந்து கணக்குக் கற்றுக்கொண்டான். பரீட்சை முடிந்த மறுநாள் அண்ணனை ரோட்டில் பார்த்துத் தெரியாதவன் மாதிரிப் போனான். அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? "பாவம், அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியலபோல."

மலைக் காலேஜில் எங்களைச் சுற்றிக் காட்ட வந்த சீனியர் ரகசியம் சொல்லுகிற மாதிரி மெல்லப் பேசினார். விடுதியின் மேல்மாடிக்கு அழைத்துப் போனார். நீளமான காரிடார், இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரே ஒரு ஜோடி செருப்பு, அளவெடுத்து வைத்த மாதிரி.

"இங்க யாரும் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றார் சீனியர் பெருமையாக.

அண்ணன் அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட மாடிப்படி அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது.

அப்புறம் ஒரு வகுப்பில் உட்கார வைத்தார்கள். நரைத்த தலைமுடியைக் கிராப் வெட்டிய ஒரு மேடம் வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் எழுத ஆரம்பித்தார். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. பாதியில் நிறுத்தி, "இதுக்கப்புறம் போக முடியாது. ஏன்?" என்று கேட்டார். அண்ணனின் விரல் தொடைமேல் எழுதிக்கொண்டிருந்தது. வாய் திறந்தே இருந்தது. கடையில் செத்துப்போனது என்று நாங்கள் ஒதுக்கி வைத்த போன் திடீரென்று வெளிச்சம் காட்டும் பாருங்கள், அவன் முகம் அப்படி இருந்தது. அவனுக்குப் பதில் தெரியும். கையைத் தூக்கவில்லை. மேடம் அவரே பதிலை எழுதியபோது, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான்.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. படிப்பு இங்கேதான் இருக்கிறது. ஆனால் இங்கே வந்தால் இந்தப் பயல் மூன்று வருஷமும் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு இருப்பான்.

வகுப்பு நீண்டுகொண்டே போனது. நான் நழுவி வெளியே வந்தேன். போனில் கண்ணாடி ஒட்டுகிற பசை எப்போதும் என் பையில் இருக்கும். பளபளவென்று ஒரு நாணயத்தை எடுத்து மாடிப்படித் திருப்பத்தில் ஒட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். இது வெறும் விளையாட்டு இல்லை. நான் அந்தக் காலேஜைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணாடி போட்ட ஒருத்தன் வந்தான். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், குனிந்து நகத்தால் நெம்பினான். வரவில்லை. ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி நடித்துவிட்டுப் போனான். அடுத்து வந்தவனும் அப்படியே. யாரையோ அழைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு அப்பா கைக்குட்டையை நழுவவிட்டு அதோடு சேர்த்து எடுக்கப் பார்த்தார், அனுபவசாலி. ஒருவர் பின் ஒருவராக ஏமாந்தார்கள். ஏமாந்த ஒருத்தர்கூட எதிரில் வருகிறவரிடம் "அது ஒட்டியிருக்குங்க" என்று சொல்லவில்லை. எல்லோரும் தனித்தனியாக ஏமாந்து தனித்தனியாகப் போனார்கள். இந்தக் காலேஜ் வேண்டாம் என்று நான் தீர்ப்பு எழுதப்போன நேரத்தில் நெடுநெடுவென்று ஒருத்தன் வந்தான்.

குனிந்தான். நெம்பினான். சட்டென்று படியிலேயே உட்கார்ந்து, காரிடார் அதிரச் சிரித்தான்.

"யாரு பாத்த வேலை இது? வெளிய வாங்க, கை குடுக்கணும்!"

நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். அவன் தூணைச் சுற்றி வந்து என்னைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். "கொஞ்சம் தள்ளி நில்லு, அடுத்த ஆளு வராரு" என்று சொல்லி என் பக்கத்தில் ஒளிந்துகொண்டான். அப்போது சிரித்தான். முன்பல் ஓரத்தில் உடைந்திருந்தது.

அடுத்து வந்த ஆள் என் அண்ணன். நாணயத்தைப் பார்த்தான். குனியக்கூட இல்லை.

"வாலு, வெளிய வா."

நாங்கள் இரண்டு பேர் வெளியே வந்தோம்.

"நீயா!" என்றான் அண்ணன்.

"டேய், நீயா!" என்றான் அரைப்பல். "நீ இங்க என்ன பண்ற? குளத்துக் காலேஜ்லதானே படிக்கற?"

"நானா? நீதானே அங்க படிக்கற?"

"நான் எங்கடா படிக்கறேன்? அன்னிக்குச் சும்மா பாக்க வந்தேன்."

"நானும் சும்மா பாக்கத்தான் வந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணக்குப் படிக்கிறவர்களுக்கு உண்மை உறைக்கும்போது முகம் எப்படி மாறும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"எங்க வீட்டுல பெரிய சண்டை போட்டு வெச்சிருக்கேன்டா" என்றான் அரைப்பல். "குளத்துக் காலேஜ்தான் வேணும், அங்கதான் முன்பின் தெரியாதவன்கிட்டகூட உக்காந்து கணக்கு சொல்லித்தராங்கன்னு."

"நானும் அதேதான் சொன்னேன். அங்கதான் எதிர்ல வந்து உக்காருறாங்கன்னு."

"நம்ம ரெண்டு பேரையும் கழிச்சுட்டா, அந்தக் காலேஜப் பத்தி நமக்கு என்ன தெரியும்?"

அண்ணன் வழக்கம்போல யோசித்தான். "டீ தண்ணியா இருந்துச்சு."

அரைப்பல் மறுபடி காரிடார் அதிரச் சிரித்தான். வெளி ஆள் ஒருத்தர் அண்ணன் சொன்னதற்குச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

"ஹலோ, ஒரு நிமிஷம்" என்றேன். "அன்னிக்கு நீங்க எதுக்கு இவன் எதிர்ல போய் உக்காந்தீங்க? வேற டேபிளே இல்லையா?"

"தனியா உக்காந்தா புதுசுன்னு கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயம், தங்கச்சி. உங்க அண்ணன் அங்கயே பொறந்து வளந்தவன் மாதிரி உக்காந்து பேப்பர்ல எழுதிட்டு இருந்தான். இவன் பக்கத்துல உக்காந்தா யாரும் கேக்கமாட்டாங்கன்னு உக்காந்தேன்."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. பொருத்தமான பதில் சொல்லுகிறவர்களைத்தான் அம்மா இரண்டாவது தடவை சோதிப்பாள்.

படியில் உட்கார்ந்தே பேசினார்கள். நாணயத்தில் இன்னும் பலபேர் ஏமாந்து போனார்கள், இவர்கள் கவனிக்கக்கூட இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அரைப்பல்லுக்கும் அந்த மேடத்தின் வகுப்பு பிடித்துப்போயிருந்தது. "குளத்துல அந்தப் பாடம் எடுக்க ஆளே இல்லடா" என்றான்.

"தெரியும்" என்றான் அண்ணன். "ஆனா இங்க ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஜோடி செருப்புதான் இருக்கு. நான் இங்க வந்தா, நானும் ஒரு கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்துடுவேன். எனக்கு என்னப் பத்தித் தெரியும்."

அவன் தன்னைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். பசை வாசனையாக இருக்கும்.

"பக்கத்துப் பக்கத்து ரூமாக் கேப்போம்" என்றான் அரைப்பல். "உன் செருப்ப என் ரூம் வாசல்ல விடு. அவ்வளவுதானே விஷயம்?"

அண்ணன் திங்கட்கிழமைக்குள் சொல்லுகிறேன் என்றான். இந்தத் தடவை நம்பரை வாங்கினான். நானும் எட்டிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் மாமா இல்லாத நேரமாகப் பார்த்து அந்த நம்பருக்குப் போன் போட்டேன். என் குரலில் அன்றைக்கு ஒரு நடுத்தர வயது மேடம் உட்கார்ந்திருந்தார்.

"மலைக் காலேஜ் ஆபீஸ்லேந்து பேசறோம். பக்கத்து ரூம் வேணும்னு கேட்டிருந்தீங்க இல்லையா? அந்த இன்னொரு பையன் வரலைன்னு சொல்லிட்டார். நீங்களாவது வரீங்களா, உங்க ரூமையும் வேற யாருக்காவது குடுத்துடலாமா?"

வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன்.

"நான் வரேங்க" என்றான். குரல் இறங்கியிருந்தது. "மேடம், ஒரு விஷயம். ஒருவேளை அவன் மனசு மாறி வந்துட்டான்னா, எனக்கு எந்த ரூம் குடுத்தாலும் பரவாயில்ல, அவன் பக்கத்துல மட்டும் கொஞ்சம் பேசற ஆளாப் போடுங்க. அவன் தானா ஆரம்பிக்க மாட்டான். யாராவது ஆரம்பிச்சு வெச்சா நல்லாப் பேசுவான்."

என் குரலிலிருந்த மேடம் எழுந்து போய்விட்டார். போனை வைத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் கடை போனுக்கு ஒரு செய்தி வந்தது.

"தங்கச்சி, குரல் பிரமாதம். ஆனா காலேஜ் ஆபீஸ்ல யாரும் பின்னாடி நின்னு 'என் போன் ரெடியா'ன்னு கேக்கமாட்டாங்க."

இதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. நான்தான் என்று எப்போது அவனுக்குத் தெரிந்தது? பேசும்போதேவா, பேசி முடித்த பிறகா? பேசும்போதே தெரிந்திருந்தால் அத்தனையும் நடிப்பு. பிறகு தெரிந்திருந்தால் நிஜம். கேட்டாலும் பொருத்தமாகத்தான் பதில் சொல்லுவான், அதனால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் அறைக் கதவைச் சாத்தினேன். அவன் கதவில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினான்.

"அவன் நல்லவனா கெட்டவனா எனக்குத் தெரியல" என்றேன். "ஆனா உன்னச் சரியாத்தான் பாத்து வெச்சிருக்கான்."

"என்ன பண்ணித் தொலைச்ச நீ?"

"ஒண்ணும் பண்ணல. நாலாவது வரியப் பாரு, தப்பு இருக்கு."

திங்கட்கிழமை காலையில் அண்ணன் மலைக் காலேஜ் என்றான். அப்பா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அம்மாவைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "ஏன் திடீர்னு மாத்திட்டான்? அந்தப் பொண்ணு இந்தக் காலேஜுக்கு வந்துட்டாளா?"

சில மாதங்கள் போயின. அரைப்பல் யாரென்று போன் வழியாகவே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. முதல் பரீட்சையில் அண்ணன் வகுப்பில் நடுவாந்திரமாக வந்தான். பள்ளியில் எப்போதும் முதல் ஆளாக இருந்தவன். "அங்க எல்லாருமே நல்லாப் போடறாங்கப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னான். நடுவில் வந்தவன் எதற்குச் சந்தோஷப்படுகிறான் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

அப்புறம் ஒரு விடுமுறைக்கு வந்தான். அம்மா பழக்க தோஷத்தில் பையைத் திறந்தாள். மேலே இருந்தவற்றை ஒதுக்கி, அடியில் கைவிட்டு, நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டையை வெளியே இழுத்தாள். அவள் தொழிலில் அந்த மாதிரி இழுக்கும்போதுதான் கடைக்காரர்கள் ஓடி வருவார்கள்.

"இது யாருது? உன் அளவே இல்லையே."

"அவனுதும்மா."

"பழுப்புச் சட்டை எங்க? நான் வாங்கிக் குடுத்தது?"

"அவன்கிட்ட இருக்கு."

"ஏன்?"

யோசித்தான். "தெரியலம்மா. யாரு கையில எது கிடைக்குதோ அதப் போட்டுக்கறோம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அந்தப் பழுப்புச் சட்டை புதுசு. இந்த நீலம் காலர் நைந்தது. பண்டமாற்றில் நஷ்டம் யாருக்கு என்று கடையில் நிற்கிறவளுக்குத் தெரியாதா?

அண்ணன் திரும்பிப் போன வாரமே அப்பா வேறொரு குண்டைக் கொண்டுவந்து போட்டார். "விடுதிப் பக்கம் போயிருந்தேன். அதே ஏழு மணி. மீட்டர் தூங்குது! மேல்மாடியில பாதி ரூம் இருட்டு. போன தடவ பட்டாசு மாதிரி இருந்துச்சு. எவனும் படிக்கல, அத்தன பேரும் ஊர் சுத்தக் கிளம்பிட்டானுங்க. அந்தப் பல்லு உடைஞ்சவன்தான் எல்லாத்தையும் கெடுத்திருப்பான்."

சட்டை போயிற்று, மார்க்கு போயிற்று, இப்போது வெளிச்சமும் போயிற்று. எனக்குப் பள்ளிக்கூடத்துப் பயலின் ஞாபகம் வந்தது. அரைப்பல் வேறு கூட்டத்தோடு வெளியே சுற்றப் போயிருக்க, அண்ணன் மட்டும் இருட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் மனசில் ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று பேரும் கிளம்பினோம். எங்கள் குடும்பம் மொத்தமாக வெளியே போனது அதற்கு முன்னால் எப்போது என்று ஞாபகமில்லை. சோதனை என்றால் எல்லோருக்கும் நேரம் கிடைத்துவிடுகிறது.

அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்ததும் காவல்காரர் உள்ளே விட்டார். வெளிச்சுவரில் மீட்டர் பெட்டி. அப்பா அதைத் திறந்து காட்டினார். சிவப்புப் புள்ளி ஒரு தடவை சிமிட்டிவிட்டு, அடுத்த தடவை சிமிட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. "பாத்தியா?" என்றார் அம்மாவிடம்.

மேல்மாடிக் காரிடார். கதவுக்குக் கதவு இருட்டு. வாசல்களில் செருப்பே இல்லை. அப்பா சொன்னது சரிதான்போல. கடைசி அறைக் கதவுக்கு அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். அதன் வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. எது யாருடைய ஜோடி என்று சொல்லவே முடியாது. அண்ணனுடையது மட்டும் எனக்குத் தெரிந்தது. அறுந்த வாரை நான் போன் ஒயரால் கட்டிக் கொடுத்திருந்தேன். ஒன்று குவியலுக்கு மேலே கிடந்தது. இன்னொன்று யாரோ ஒருத்தனுடைய பெரிய ஷூவுக்கு அடியில்.

மூன்று பேரும் கதவில் காதை வைத்தோம். டக், டக் என்று காதுக்கு நேராகச் சத்தம். சாக்பீஸ். கதவின் உட்புறத்தில் யாரோ எழுதுகிறார்கள்.

"டேய், அது எப்படிடா அங்க போகும்? ஆதாரம் குடு!" என்று ஒரு குரல்.

"எழுதறேன், இரு" என்று என் அண்ணன் குரல். பிறகு அவன் பேசினான். நிறுத்தாமல் பேசினான். நடுவில் யாரோ என்னமோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ? மறு நிமிடம் அந்தச் சிரிப்பில் அண்ணனுடையதும் கலந்தது, எப்போதும்போல மற்றவர்களைவிடச் சற்றுத் தாமதமாக.

சாவி ஓட்டையில் கண்ணை வைத்தேன். கட்டிலிலும் ஜன்னல் விளிம்பிலும் தரையிலுமாக ஒரு கூட்டமே இருந்தது. ஒரே விளக்கு, ஒரே ஃபேன். பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அரைப்பல் தரையில் மல்லாந்து கிடந்தான்.

"எல்லாப் பயலும் ஒரே லைட்டுல உக்காந்திருக்கானுங்க" என்றார் அப்பா மெதுவாக. மீட்டர் பொய் சொல்லவில்லை. சொன்னதை அவர்தான் தவறாகப் படித்துவிட்டார். அவர் முகம் திருட்டு ஒயர் தேடிப் போன இடத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்த நாள் மாதிரி, கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. "இருந்தாலும் இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இப்படி இருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

"கதவத் தட்டட்டுமா?" என்றேன்.

அம்மா தலையசைத்தாள். "பேசிட்டு இருக்கான்டி. வேணாம், வா."

அவர்கள் இரண்டு பேரையும் முன்னால் விட்டு, நான் ஒரு நாணயத்தை எடுத்தேன். கதவுக்கு வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலையில் அண்ணனிடமிருந்து செய்தி. "வாலு, காசு உன் வேலைதானே? முதல்ல அவன் ஏமாந்தான். இப்ப மாடி முழுக்க என் ரூம்ல ஒளிஞ்சு நின்னு அடுத்து யாரு வரான்னு பாத்துட்டு இருக்கோம். சரி, அவ்வளவு தூரம் வந்தவ ஏன் கதவத் தட்டல?"

"எந்தக் காசு?" என்று பதில் போட்டேன்.

அம்மா அந்த நீலச் சட்டையின் நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். அப்பா அந்தப் பக்கம் போகிற சாயங்காலங்களில் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். புள்ளி மெதுவாகச் சிமிட்டினால் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

அந்த அரைப்பல் என்ன விற்கிறான் என்பதை மட்டும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. விடமாட்டேன்.